கொள்ளுத்தாத்தா கட்டிக்கொண்ட பெண்

ஸ்காட்லாந்து எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் அப்போது எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அங்கே ஒரு ஜமீன் குடும்பத்தில் யாருக்கு யார் பிறந்தார்கள், எந்தப் பிள்ளை பேராசிரியர் ஆனது, எது பாதிரியார் ஆனது என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பேன். ஐம்பதுகளின் கடைசியில் சிங்கப்பூரில் பஃபலோ ரோட்டில் குடியிருந்தோம். மத்தியானங்களில் ஆர்ச்சர்ட் ரோடு பக்கம் ஒரு வெள்ளைக்கார அம்மாளுக்கு டைப் அடிக்கப் போனேன். அங்கே பிடித்த பைத்தியம் இது.

அவரை மேம் என்றுதான் கூப்பிடுவேன். பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கண்ணில் புரை விழுந்து எழுத்தெல்லாம் மங்கிவிட்டதால், வருகிற கடிதங்களை நான் படித்துக் காட்ட வேண்டும், பதில் அடிக்க வேண்டும், எல்லாவற்றையும் பிரித்துப் பெட்டியில் வைக்க வேண்டும்.

மேமின் கொள்ளுத்தாத்தா கிரேக்க மொழிப் பேராசிரியர். அவர் கட்டியது ஜமீன் வீட்டுப் பெண்ணை என்று குடும்பத்தில் ஒரு பேச்சு இருந்தது. ஜமீனில் அப்போது இருந்த கிழவருக்கு மேம் எழுதிக் கேட்டார். பழைய தாளெல்லாம் ஒரு தீ விபத்தில் போய்விட்டது, எனக்குத் தெரியாது என்று பதில் வந்தது. கூடவே இன்னொன்றும் எழுதியிருந்தார். வயதான காலத்தில் திரும்பி வருகிற சொந்தக்காரர்களுக்குத் தோட்டத்து வாசலில் இருக்கும் சின்ன வீட்டைக் கொடுப்பது அவர்கள் வழக்கமாம். நீங்கள் எங்கள் ஆள் என்று ஆதாரம் காட்டினால் அது உங்களுக்கு என்றிருந்தார். மேமுக்கு வேறு போக்கிடம் கிடையாது. இங்கே இருந்த வீடு பள்ளிக்கூடத்துடையது. காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், கப்பலுக்கும் டிக்கெட் எடுத்தாகிவிட்டது.

எனக்கு ஒரே குஷி. திருடனைத் தேடுகிற போலீஸ்காரர் மாதிரி ஒவ்வொரு தபாலையும் பிரிப்பேன். கல்லறைக் கல்லில் இருந்ததைப் பாதிரியார்கள் மெனக்கெட்டு எழுதி அனுப்புவார்கள். வீட்டுக்கு வந்தும் அதே பேச்சுதான். செம்பவாங் டாக்யார்டில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர், என் அத்தை மகன், கிண்டல் செய்வார். உனக்கும் எனக்கும் தாத்தா ஒருத்தர்தானே, அவருக்கு அப்பா பேரைச் சொல் பார்ப்போம் என்பார். எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது.

பேராசிரியர் கட்டியது அவருடைய கசினை என்று மேம் சொல்லியிருந்தார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. கட்டிக்கொள்கிற கசின் என்றால் மாமா மகள், இல்லாவிட்டால் அத்தை மகள். இதில் கேட்க என்ன இருக்கிறது? பேராசிரியரின் அம்மா பிறந்த ஊருக்கும், அத்தைமார் வாழ்க்கைப்பட்ட ஊர்களுக்கும் விசாரித்து எழுதினேன். மாமாமார் மாவு மில் வைத்திருந்தவர்கள், அத்தைமாருக்குப் பிள்ளையே இல்லை என்று பதில் வந்தது. ஜமீன் எங்கேயும் தட்டுப்படவில்லை. மேம் முகம் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே போயிற்று.

அப்படியிருக்கையில் ஒரு தாள் வந்தது. ஒரு பாதிரியார் கோயில் பதிவிலிருந்து பேராசிரியரின் கல்யாணத்தை அப்படியே பார்த்து எழுதியிருந்தார். ஜமீன்தார் மகள்தான் மணப்பெண். ஆனால் அந்த ஜமீன்தார் யாரென்று பார்த்தால், பேராசிரியருடைய அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன். பெரியப்பா மகள்! எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. படிப்பதைப் பாதியில் நிறுத்திவிட்டு, இது வேறு யாரோ, மேம் என்று சொல்லிப் பெட்டியின் அடியில் செருகினேன்.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சாப்பாட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"அண்ணன் தங்கச்சியையா கட்டி வச்சிருக்காங்க? சொல்லிடாதே லா. இந்த வயசுல அந்தம்மா மனசு தாங்காது."

ஒரு குடும்பத்தின் மானத்தைக் காப்பாற்றிவிட்ட மிதப்பில் அடுத்து வந்த வாரங்களைக் கழித்தேன். இன்றைக்கு அந்தத் தாள் கையில் வந்தாலும் அதையேதான் செய்வேனோ என்னவோ.

பிறகு ஒருநாள் மேம் ஒரு கடிதம் சொல்லச் சொல்ல அடித்துக்கொண்டிருந்தேன். இங்கிலாந்தில் ஆதரவற்ற முதியவர்களைச் சேர்த்துக்கொள்கிற ஒரு விடுதிக்கு. உறவினர் யாரும் இல்லை என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். எனக்கு விரல் ஓடவில்லை. மானம் போனால் போகட்டும் என்று எழுந்து பெட்டியின் அடியிலிருந்து தாளை எடுத்தேன். கோபப்படாதீர்கள் மேம், உங்கள் குடும்பத்தில் ஒரு தப்பு நடந்திருக்கிறது என்று ஆரம்பித்து முழுவதையும் படித்தேன். மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன். மேம் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

"என் அப்பாவும் அம்மாவுமே அண்ணன் தம்பி பிள்ளைகள்தான், பெண்ணே."

எனக்கு எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை. மேம்தான் நிதானமாக விளக்கினார். அங்கே நிலம் முழுக்க மூத்த மகனுக்குத்தான். நம் ஆட்கள் என்றால் வரப்புவரை பங்கு பிரித்துக் கோர்ட்டுக்குப் போயிருப்பார்கள். அங்கே இளையவன் வெறுங்கையோடு படிக்கப் போய்ப் பாதிரியாராகவோ பேராசிரியராகவோ ஆகிவிடுகிறான். அவன் மகன் பெரியப்பா மகளைக் கட்டினால் பிரிந்த குடும்பம் மறுபடி சேர்கிறது. அப்படியானால் நீ யாரைக் கட்டியிருக்கிறாய் என்றார். அத்தை மகனை என்றேன். அதுமட்டும் எப்படிச் சரி என்றார். அதுதானே முறை என்றேன். இரண்டும் ஒன்றுதான் என்று அவரும், இல்லவே இல்லை என்று நானும் விளக்கேற்றுகிற நேரம்வரை சண்டை போட்டோம். அவ்வளவு சந்தோஷமான சண்டையை நான் யாரோடும் போட்டதில்லை.

அந்த வாரமே பெரிய தாளில் வம்ச வரைபடம் போட்டேன். அந்த இரண்டு பெயர்களுக்கு நடுவே கல்யாணக் கோடு இழுக்கும்போது கை தயங்கத்தான் செய்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். பதிவின் நகலோடு ஜமீன் கிழவருக்கு ஏர்மெயிலில் அனுப்பினோம்.

கப்பல் புறப்படுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு தந்தி வந்தது. வாசலிலேயே பிரித்துச் சத்தமாகப் படித்தேன். வீட்டுக்குக் கூரை மாற்றுகிறோம், உங்களுக்குக் கிழக்கு அறையா மேற்கு அறையா, உடனே தெரிவிக்கவும் என்று இருந்தது. நான் குதித்தே விட்டேன். பதில் எழுத டைப்ரைட்டரில் தாளைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு பள்ளிக்கூடத்தையே அதட்டி நடத்திய மனுஷி, எந்த அறை என்று சொல்ல வாய் வராமல் அழுதுகொண்டே இருந்தார். எவ்வளவு நேரம்தான் காத்திருப்பது? கிழக்கு என்று நானே அடித்துவிட்டேன்.