பதிவேட்டில் பீட்டர்

என் ஞானஸ்நானச் சான்றிதழில் லத்தீனில் 'பெத்ருஸ்' என்றிருக்கிறது. பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் 'பீட்டர்'. தெருவில் எல்லோருக்கும் நான் இராயப்பன். மூன்றும் ஒரே பெயர்தான். மீன் பிடித்துக்கொண்டிருந்த சீமோனுக்கு இயேசு வைத்த பெயர் கேபா. அரமேய மொழியில் பாறை. கிரேக்கர்கள் அதை மொழிபெயர்த்துப் பெத்ரோஸ் என்றார்கள். நம் கடற்கரையில் அவர் இராயப்பர். தெலுங்கில் 'ராயி' என்றால் கல். அதிலிருந்து வந்த பெயர் என்பாரும் உண்டு. எல்லாமே மொழிபெயர்ப்பாக இருக்க, பீட்டர்தான் அசல் என்று எவராவது சொன்னால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

முதன்முதலில் அப்படிச் சொன்னவர் தூத்துக்குடியில் ஒரு பள்ளியின் எழுத்தர். என்னை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க அம்மா கூட்டிப் போயிருந்தாள். ஜூன் மாதம்; பதிவேட்டில் தேதி இருந்த இடத்தில் மை ஊறிவிட்டது. அப்பா சரக்குத் தோணியில் மாலத்தீவுக்குப் போயிருந்தார்.

"பையன் பேரு என்னம்மா?"

அம்மா சான்றிதழை நீட்டினாள். "அதுல இருக்கு சார்."

"இது கோயில் பாஷையில்லா. வாயத் தொறந்து சொல்லுங்க."

அம்மா சொல்லவில்லை. இராயப்பன் என்பது என் தாத்தாவின் பெயர். மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். மாமனார் பெயரை மருமகள் உச்சரிக்கக் கூடாது என்பதும் வழக்கம். இரண்டையும் வகுத்தவர்கள், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போவது யார் என்று யோசிக்கவேயில்லை. அம்மா என்னைச் 'சின்ன மாமா' என்றுதான் கூப்பிடுவாள்.

"பெத்த புள்ள பேரு தெரியாமலா கூட்டிட்டு வந்தீய?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பெத்ருஸ்னா பீட்டர்தான?"

அம்மா வேகமாகத் தலையாட்டினாள்.

"இராயப்பன்" என்றேன் நான்.

"சும்மா இருலே. அது வீட்ல கூப்புடுத பேரு. அசல் பேரு இதுல இருக்கு." எழுதி முடித்து ஒற்றுத்தாளை வைத்து அழுத்தினார்.

திரும்பும் வழியெல்லாம் அழுதேன். "நீ ஏம்மா சொல்லல?"

"நீதான் சொன்னியே, சின்ன மாமா. அவன் எங்க கேட்டான்?"

வீட்டில் தாத்தா கேட்டார்: "பீட்டரா? அது எவன்?" பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பி, "எம் பேரு அவளுக்கு அவ்வளவு கசக்கோ?" என்றார்.

மரியாதைக்காக விழுங்கிய பெயரை அவமதித்துவிட்டாள் என்று அவள்மேலேயே பழி. அன்றிலிருந்து தாத்தா அம்மா கையால் காப்பி வாங்கிக் குடிக்கவில்லை. அவர் மகளான அத்தைதான் கொண்டுபோய்க் கொடுப்பாள். நானும் தாத்தா கட்சியில் சேர்ந்துகொண்டேன். "அம்மா வேணும்னேதான் சொல்லல தாத்தா" என்று கோள் மூட்டினேன். அன்று அவள் அந்தப் பெயரைச் சொல்லியிருந்தால், நாலு பேர் முன்னால் மாமனார் பெயரைக் கூசாமல் சொன்னவள் என்று அதே தாத்தா அதே காப்பியை மறுத்திருப்பார். இது எனக்கு அப்போது புரியவில்லை.

அம்மா இறந்தபோது நான் ஊரில் இல்லை. கடைசியாக ஒரே ஒரு முறை "இராயப்பா" என்று கூப்பிட்டதாக அத்தை சொல்கிறாள். கூப்பிட்டது புனிதரையா, மாமனாரையா, என்னையா என்று அத்தைக்குச் சொல்லத் தெரியவில்லை. உடனிருந்த மற்ற இருவர் காதிலும் அப்படி எதுவும் விழவில்லையாம். இந்தத் தகவல் இன்னும் உறுதியாகவில்லை.