கண்ணில் வைத்த பொட்டு

அனுசுயா என் தம்பி பெண்டாட்டி. நாத்தனார் வாயால் நல்ல பேர் வாங்குவது லேசுப்பட்ட காரியமா? அவள் வாங்கினாள். எங்கள் ஊர் கே.ஜி.கண்டிகையில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், நான் ஒருத்தரைச் சும்மா புகழ்கிறவள் இல்லை.

தம்பி நாகேந்திரன் வருஷக்கணக்காக லாரி ஓட்டியவன். சர்க்கரை வந்து இடது கண் மங்கியதும், இனி ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். லாரியை விற்றான், திருப்பதிக்கும் சென்னைக்கும் வாடகைக்கு விட ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினான். யார் ஓட்டுவது? அதில்தான் சண்டை. அனுசுயா கழனி வேலைக்குப் போய்க்கொண்டே டிரைவிங் பழகி, டாக்ஸி ஓட்ட லைசென்ஸும் எடுத்து வைத்திருந்தாள். தம்பிக்கு மனசே வரவில்லை. கதிரவன் என்கிற டிரைவரிடம் பேசி வைத்துவிட்டான்.

“வண்டி பூஜ அன்னிக்கு முருகன் மல மேல நீயே ஓட்டு. ஒரு கீறல் இல்லாம திரும்ப வூட்டாண்ட கொண்டாந்து நிறுத்து. கீறல் வுழுந்துச்சினா கதிரவன்தான், அப்பறம் அழுதுகினு நிக்காத” என்றான்.

“ஆங், பாக்கலாம் பாவா” என்றாள் அவள். அத்தை மகன் என்பதால் அவளுக்கு அவன் எப்போதும் பாவாதான்.

மலைப்பாதை வளைவுகளில் அவள் ஏறிய அழகைப் பார்க்க வேண்டுமே! பின்சீட்டில் நான் ஒருமுறைகூட முருகனைக் கூப்பிடவில்லை. மேலே பூஜை முடிந்தது, பூசணிக்காய் உடைத்தாயிற்று. தம்பி சந்தனக் கிண்ணத்தோடு முன்பக்கம் போனான். அந்த பம்பரில் வட்ட வட்டமாக நாலு சென்சார் இருந்தது. எதிரே ஏதாவது நெருங்கினால் உள்ளே பீப் பீப் என்று கத்தும், ரொம்ப நெருங்கினால் விடாமல் கத்தும்.

“பாத்தியாக்கா, பொட்டு வெக்கறதுக்குனே நாலு எடம் வுட்டுக்கிறான் கம்பெனிக்காரன்!” என்று நாலின் மேலும் சந்தனத்தைக் கெட்டியாக அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தான். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி ஓரடி நகர்ந்தது. உடனே பீ... என்று ஒரே கத்தல். எதிரே ஒன்றும் இல்லை.

“இன்னா பண்ண நீ? கத்திகினே கீது! அத்த ஆஃப் பண்ணு. இத்தினி வருசம் லாரி ஓட்னேன், இந்தச் சத்தமா எனக்கு வழி காட்டுச்சு?” என்று பக்கத்து சீட்டிலிருந்த தம்பி பட்டனுக்குக் கையை நீட்டினான்.

பட்டென்று ஓர் அடி வைத்தாள், கையிலேதான். “கைய எடு பாவா.” இறங்கி முன்பக்கம் போய்ப் பார்த்தவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “பொட்ட நெத்தில வெப்பாங்களா, கண்ணுல அப்புவாங்களா?” என்று முந்தானையால் துடைக்கத் தொடங்கினாள்.

“ஐயோ, சாமி சந்தனம்! தொடைக்காத, அபசகுனம்!”

“கண்ண மூடிகினு மல எறங்கறதுதான் அபசகுனம்.” துடைத்துவிட்டு, மீதிச் சந்தனத்தில் பானெட் மேல் பெரிதாக ஒரு பொட்டு வைத்தாள். சாமி குத்தம் ஆகுமோ என்று நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஆனால் கத்தல் நின்றுவிட்டதே!

மறுபடி மெல்ல நகர்த்தினாள். பீப், பீப். அப்புறம் விடாமல் பீ...

“பாத்தியா, திரும்ப ஆரம்பிச்சிடுச்சு. ஒண்ணுமில்ல, போ” என்றான் தம்பி. அவள் போகவில்லை, பிரேக்கை அழுத்திவிட்டாள். பானெட்டுக்கு முன்னால் ஒரு தலை எழுந்தது. பூக்காரம்மா! கூடையிலிருந்து சரிந்த மல்லிச்சரத்தைக் குனிந்து அள்ளியிருக்கிறாள்.

அவ்வளவுதான், தம்பி கட்சி மாறிவிட்டான். இறங்குகிற வழியெல்லாம் சென்சார் புராணம். “இன்னாக்கா மெஷினு! இனிமே கண்ண மூடிகினு நம்பலாம், எது இருந்தாலும் அது சொல்லிடும்.” என் தம்பிக்கு நடுவழி என்று ஒன்று எப்போது இருந்திருக்கிறது?

வீட்டு வாசலில் அவன்தான் முதலில் இறங்கினான். லாரிக்காரப் பழக்கம் போகுமா? முன்னால் நின்று கையை ஆட்டினான். “வா... வா... வா... சத்தமே வரல பாரு, இன்னும் வா!”

வண்டி நின்றுவிட்டது.

“ஏன் நிறுத்திட்ட? அதான் சத்தம் வரலயே!”

“சத்தம் வராது பாவா. உசரமா இருக்கறத அது சொல்லும், குட்டையா இருக்கறது அதுக்குத் தெரியாது. கீழ பாரு” என்றாள் அனுசுயா.

பார்த்தோம். தம்பிக்கு இடது பக்கம், பம்பருக்கு நாலு விரல் தள்ளி, எல்லைக்கல். ஒரு ஜாணுக்குக் கொஞ்சம் அதிக உயரம். இன்னொரு ‘வா’வுக்கு அவள் வந்திருந்தால் பம்பர் கிழிந்திருக்கும்.

“இத்தச் சுத்திதான தெனம் கோலம் போடறேன், எனக்குத் தெரியாதா?” என்றாள். குரலில் கோபமே இல்லை.

தம்பி குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்தக் கல்லைத் தடவிப் பார்த்தான். இடது கண்ணை ஒருமுறை கசக்கினான். பிறகு எழுந்து போனை எடுத்தான்.

“கதிரவா, நாளைக்கு நீ வரவேணாம்பா. ஆங், டிரைவர் கெடச்சாச்சு... எங்க வூட்லதான். நல்லா ஓட்றாங்க. எனக்குத் தெரியாததெல்லாம் அவங்களுக்குத் தெரியுதுப்பா.”

கல்யாணமான நாளிலிருந்து ‘அவ’ என்றே சொல்லிவந்தவன். அன்றைக்குத்தான் ‘அவங்க’ என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அனுசுயாவுக்கும் கேட்டிருக்கும், கண்ணாடியைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

“பாவா, பேசனது போதும், தள்ளி நில்லு. வண்டிய திருப்பணும்.”

தம்பி தள்ளி நின்றான்.