இந்தியில் பேசிய ஐவர்

மகள் நர்சிங் படிக்கச் சென்னைக்குப் போன பிறகு வீரபாண்டியில் இருக்கும் எங்கள் வீட்டில் நான் மட்டும்தான். கணவர் இறந்து பல வருடம் ஆகியிருந்தது. ஞாயிறன்று துணி துவைத்து முடித்ததும் டிவியைப் போடுவேன். மகள் சின்ன வயதில் விடாமல் பார்த்த கார்ட்டூன் தொடர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து இளவட்டப் பிள்ளைகள், ஆளுக்கொரு சக்தி. பெற்றோர் இல்லாமல் ஒரு பழைய கலங்கரை விளக்கத்தில் சேர்ந்து வாழ்ந்தபடி ஊரைக் காப்பாற்றுவார்கள். சண்டைகள் எனக்கு முக்கியமில்லை. சண்டை முடிந்து ஐவரும் ஒருவரையொருவர் கேலி செய்யும் இடத்துக்காகக் காத்திருப்பேன்.

போனில் சொன்னபோது மகள் சிரித்தாள். "இன்னுமாம்மா அதைப் பாக்கறே? எனக்குக் கதையே மறந்து போச்சு."

அதன்பிறகு அவளிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பனியன் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. ஓட்டை, கறை இருக்கும் பீஸ்களைப் பார்த்து ஒதுக்க வேண்டும். ஒருநாள் குழந்தைகள் பனியன் வந்தது. நெஞ்சில் அந்த ஐவரின் படம். பக்கத்தில் நின்ற பீகார்ப் பெண்ணுக்குப் பத்தொன்பது வயதிருக்கும். வேலைக்கு வந்ததிலிருந்து யாரிடமும் பேசியதில்லை. அவள் படத்தில் ஒருத்தியைத் தொட்டுப் பெயரைச் சொன்னாள். நான் அடுத்தவன் பெயரைச் சொன்னேன். ஐந்து பெயரையும் மாறி மாறிச் சொல்லிச் சிரித்தோம்.

"ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வா கண்ணு. டிவி பாக்கலாம்" என்று சைகையோடு கூப்பிட்டேன்.

வந்தாள். ரிமோட்டை வாங்கி ஏதோ அமுக்கினாள். ஐவரும் இந்தியில் பேசத் தொடங்கினார்கள். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, ஆனால் கதை தெரியும். ஐவரில் சின்னவள் அம்மாவை நினைத்து அழுத இடத்தில் இவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அக்கா... அம்மா... ரொம்ப தூரம்" என்றாள்.

ஏழு ஞாயிறு வந்தாள். பிறகு அண்ணன் கல்யாணத்துக்கு ஊருக்குக் கிளம்பினாள். தீபாவளி போயும் ஆளைக் காணோம். சூப்பர்வைசரிடம் கேட்டேன்.

"அந்தப் புள்ள இனி வராதுங்கக்கா. ஊர்லயே இருந்துக்குதாம்."

அந்த ஞாயிறு வீட்டில் இருக்க முடியவில்லை. ஊத்துக்குளியில் இருக்கும் தங்கை வீட்டுக்கு ரயிலேறினேன்.

"என்னுங்கக்கா, சொல்லாமக் கொள்ளாம வந்திருக்கீங்க?" என்று கேட்டாள் தங்கை.

"சும்மாதான்" என்றேன்.

அவள் பிள்ளைகள் ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிவி அணைந்து கிடந்தது. சாப்பிட்டுவிட்டு, அடுத்த வண்டிக்கே திரும்பிவிட்டேன்.