நெற்றிக்காசு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பேய் பிசாசை நம்புகிற ஆள் இல்லை. கறுப்புச் சட்டைக்காரன். முச்சந்தியில் திருஷ்டி கழித்துப் போட்ட எலுமிச்சம்பழத்தை எடுத்து ஜூஸ் போட்டுக் குடித்தவன். சிரிக்காதீர்கள், உண்மை.

எனக்கிருந்த ஒரே பைத்தியம் பழைய காசு. திருப்பனந்தாள் பக்கம் எங்கள் ஊரில் கோடையில் வாய்க்கால் தூர்வாரும்போது சோழர் காலத்துச் செப்புக்காசு மண்வெட்டியில் மாட்டும். ஒரு பக்கம் நிற்கிற ஆள், மறுபக்கம் உட்கார்ந்த ஆள். ஒரு வருஷம் சுடுகாட்டை ஒட்டிய வாய்க்காலில் ஒன்று கிடைத்தது. எத்தனை காலம் மண்ணுக்குள் கிடந்ததோ, அதன்மேல் சந்தனம் ஒட்டியிருந்தது, அதுவும் ஈரமாக.

கூட மண் அள்ளிய என் அண்ணன் கலியபெருமாளுக்கு முகமே மாறிவிட்டது.

"பொணத்து நெத்தியில சந்தனம் வச்சு ஒட்டுற காசுடா இது. வெட்டியானைத் தவிர யாரும் தொடக்கூடாது. போட்டுடு."

"சோழர் காசை யாருண்ணே இப்ப பொணத்துக்கு வைக்கிறாங்க?" என்று சிரித்துவிட்டு, வீட்டில் கழுவித் துடைத்துத் தகரப்பெட்டியில் வைத்துப் பூட்டினேன். சாவி என் அரைஞாண் கயிற்றில்.

அறுவடை வந்தது. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டோம். மிராசுதார் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். ஆட்சி மாறினால் என்ன, எங்கள் பக்கம் வயல்காரர் வைத்ததுதான் சட்டம். எங்கள் கூலிக்காரர் சங்கத்து ஆட்களுக்கு முன்னால் போய் நின்றவன் அண்ணன். உச்சி வெயிலில் வரப்பிலேயே வெட்டுக்குத்து. ஒருவனின் விரல்கள் நெற்கட்டின் மேல் தெறித்து விழுந்ததைப் பார்த்தேன். இன்னொருவனைக் கீழே தள்ளி வாயிலேயே மிதித்தார்கள்.

அப்போது இரும்புப் பூண் போட்ட தடியோடு ஒரு முரடன் அண்ணன் நெற்றியைப் பார்த்து ஓங்கினான். நான் எட்ட நின்றேன், "அண்ணே!" என்று கத்தத்தான் முடிந்தது. அவ்வளவுதான், அண்ணன் போய்விட்டான் என்றே நினைத்தேன். தடி இறங்கியது. நம்பினால் நம்புங்கள், மண்டை உடைகிற சத்தம் வரவில்லை. செப்புக்குடத்தில் அடித்த மாதிரி டங்கென்று கேட்டது. அண்ணன் அப்படியே நின்றான். நெற்றியில் கீறல்கூட இல்லை, வட்டமாக ஈரச் சந்தனம் மட்டும். அடித்தவன்தான் மண்டிபோட்டுக் கவிழ்ந்தான். புரட்டினால் அவன் நெற்றி நடுவில் காசளவுக்கு ஓட்டை, ரத்தம் குபுகுபுவென்று வந்தது. அவனை யாரும் தொடவேயில்லை, சத்தியமாகச் சொல்கிறேன்.

கொலைவழக்கு அண்ணன்மேல் விழுந்தது. அந்த ஓட்டை எதனால் விழுந்தது என்று கடைசிவரை யாராலும் சொல்ல முடியவில்லை, அண்ணன் விடுதலையானான்.

சண்டை நடந்த அன்றே வீட்டுக்கு ஓடிப் பெட்டியைப் பார்த்தேன். பூட்டு பூட்டியபடி இருந்தது. திறந்தால் உள்ளே காசு நசுங்கியிருந்தது, நிற்கிற ஆளின் முகம் இருந்த இடத்தில் பள்ளம். தூக்கி ஆற்றில் போடு என்று நீங்கள் சொல்வீர்கள். எப்படிப் போடுவேன்? அது இருந்ததால்தானே எனக்கு அண்ணன் இருக்கிறான்.

இப்போது அண்ணனுக்குத் தலையெல்லாம் நரைத்துவிட்டது. போன வாரம் பெட்டியைத் திறந்தேன். காசில் மறுபடியும் சந்தனம், ஈரமாக. காப்பாற்ற வந்ததா, கொண்டுபோக வந்ததா, தெரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. அண்ணன் வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் அவன் நெற்றியைத்தான் பார்க்கிறேன்.

"என்னடா அப்படிப் பாக்குற?" என்கிறான்.

"ஒண்ணுமில்லண்ணே" என்கிறேன்.