யாழ்ப்பாணத்தில் திறக்காத பக்கம்

யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதை போரால் மூடப்பட்டிருந்த காலத்தில் நான் கொழும்பில், வெள்ளவத்தையில், உயர்தரப் பரீட்சை எழுதும் மாணவர்களுக்கு இரசாயனவியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்துக்குப் புத்தகமோ கொப்பியோ ஒழுங்காகப் போகவில்லை. அங்குள்ள பிள்ளைகளுக்காக ஒரு வலைப்பதிவு தொடங்கி, என் கையெழுத்துக் குறிப்புகளை ஸ்கேன் செய்து போட்டேன். பக்கம் அழகாக இருக்கட்டுமே என்று மேலே ஒரு மணிக்கூடு, திரை முழுக்க உதிரும் பூக்கள். என் வீட்டுக் கணினியில் எல்லாம் உடனே வந்துவிடும்.

ஒருநாள் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மாணவியின் தாய் அழைத்தார்.

“ரீச்சர், உங்கட பக்கம் திறக்குதில்லை. பிள்ளையள் இன்டர்நெட் கடையில ஒரு மணித்தியாலம் குந்தியிருந்தவை. உங்கட ரெலிபோன் நம்பர் மட்டும்தான் வந்தது. பிறகு கரண்ட் போயிட்டுது.”

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு பாடுபட்டுப் போட்டிருக்கிறேன், இப்படிச் சொல்கிறாரே என்று. ஆனால் அன்றிரவு முழுவதும் அந்தப் பிள்ளைகள் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் மனதில் நின்றது.

கொட்டாஞ்சேனையில் இன்டர்நெட் கடை வைத்திருந்த, என் வயதுடைய ஒரு தோழி இருந்தாள். குறிப்புகளை எடுத்துக்கொண்டு அவளிடம் புறப்பட்டேன். வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து இறக்கினார்கள். தமிழ் எழுத்தும் இரசாயனக் குறியீடுகளும் நிறைந்த தாள்களைச் சிப்பாய் ஒவ்வொன்றாகப் புரட்டினான். உயர்தரப் பாடம் என்று தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவன் நிமிர்ந்து, “நானும் ஃபெயிலானது இதிலதான்” என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுத் தாள்களை அடுக்கியே திருப்பித் தந்தான்.

தோழி தன் கடையிலிருந்த பழைய டயல்அப் இணைப்பில் என் பதிவைத் திறந்தாள். இருவரும் தேநீர் குடித்து முடித்தோம். பூக்கள் மட்டும் உதிர்ந்துகொண்டிருந்தன.

“பாடம் படிக்க வாற பிள்ளைக்குப் பூ என்னத்துக்கு?” என்றாள்.

பூவும் மணிக்கூடும் போயின. பெரிய பாரம் அவையல்ல, நான் ஸ்கேன் செய்த தாள்கள்தான். ஒவ்வொன்றும் பெரிய வண்ணப்படம். அப்படிப் பத்துப் பாடங்களை ஒரே பக்கத்தில் அடுக்கியிருந்தேன். “எழுத்தை எழுத்தாவே போடுங்க” என்றாள். பாடத்துக்கு ஒரு பக்கம் என்று பிரித்து, குறிப்புகளைப் புதிதாகத் தட்டச்சு செய்தோம். தவிர்க்க முடியாத வரைபடங்களைக் கறுப்பு வெள்ளையாக்கிச் சிறிதாக்கினாள். இரண்டு வாரம் பிடித்தது. தன் கடை வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு, மாலைதோறும் என்னோடு அமர்ந்தாள். நன்றி சொன்னால், “சும்மா இருங்க, அடுத்த பக்கத்தை வாசிங்க” என்பாள்.

முடிந்த மறுநாள் அந்தத் தாய்க்குச் சொன்னேன். சாயந்தரமே திருப்பி அழைத்தார்.

“திறந்திட்டுது ரீச்சர்! கரண்ட் போக முதல் மூண்டு பாடத்தைக் கொப்பியில எழுதிப்போட்டினம்.”

சில நாட்களில் பதிவுக்கு முதல் பின்னூட்டம் வந்தது. பாராட்டு எதுவும் இல்லை. “இரண்டாம் பாடத்தில் ஐந்தாவது சமன்பாடு சமப்படவில்லை, ஒட்சிசனைப் பாருங்கள்” என்று ஒரே வரி. சரிபார்த்தேன். பிழை என்னுடையதுதான். யாரோ ஒரு பிள்ளை அவ்வளவு உன்னிப்பாக வாசித்திருக்கிறது! தோழிக்கு உடனே தொலைபேசியில் சொன்னேன். இருவருக்கும் சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று.