மூல நட்சத்திரத்தில் தள்ளிய ஸ்ட்ரெச்சர்

பிரசவ வார்டில் ஸ்ட்ரெச்சர் தள்ளுவதுதான் என் வேலை. திண்டிவனம் பக்கத்தில் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் தள்ளித் தள்ளியே ரிட்டையர் ஆனேன். எனக்கு என் பெயரைக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது என் மகள் செல்வி.

சிசேரியன் எதற்கு?

புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள்: "இன்னாண்ணா, இத்தினி பேருக்கு ஆபரேசன் பண்றாங்க?"

ஒரே காரணம் என்றால் சொல்லிவிடலாம். முதல் குழந்தையை ஆபரேசனில் எடுத்திருந்தால், பழைய தையல் தாங்குமா என்ற பயம். சிலருக்குப் பிரஷர் ஏறிவிடும். மேல்மலையனூர்ப் பக்கமிருந்து, கோயிலுக்கு வரும் அமாவாசைக் கூட்டத்தில் சிக்கி வந்து சேர்வதற்குள் சிலருக்கு நேரம் கடந்துவிடும். வலி பொறுக்காமல் பெண்ணே கேட்பாள். பார்க்கப் பொறுக்காமல் அம்மாக்காரி கேட்பாள். இது போக, ஜோசியர் குறித்துக் கொடுக்கும் நேரம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் ஆரம்பித்தேன்.

சம்பந்தியின் அவசரம்

செல்விக்குத் தலைப்பிரசவம். எங்கள் வார்டில்தான் சேர்த்தேன். சம்பந்திக்குக் காணை கிராமத்தில் கரும்புத் தோட்டம். கரும்பு வெட்டவே நாள் பார்ப்பவர், காலையிலேயே வந்துவிட்டார்.

"டாக்டரம்மா, மத்தியானம் மூல நட்சத்திரம் பொறக்குது. அதுல பொட்டப்புள்ள பொறந்தா குடும்பத்துக்கு ஆவாது. ஜல்தியா ஆபரேசன் பண்ணி எடுத்துடுங்க."

"புள்ள துடிப்பு நல்லா இருக்குங்க. கத்தி வைக்க ஒரு காரணமும் இல்ல" என்றார் டாக்டரம்மா.

சம்பந்தி என் பக்கம் திரும்பினார். "இன்னா சம்பந்தி, இத்தினி வருசமா இங்க வண்டி தள்ளிக்கினு இருக்கீங்க. உங்க பேச்சு எடுபடாதா?"

"வண்டிதான் என்னுது சம்பந்தி. கத்தி அவங்களுது."

நர்சம்மா செல்வியின் இடுப்பை நீவிவிட்டபடி வராண்டாவில் நடத்திக்கொண்டே இருந்தார். பெற்ற தாய் கூட அப்படிச் செய்யமாட்டாள்.

மத்தியானம் தாண்டியது. பனிக்குடம் உடைந்து தண்ணீர் பச்சையாக வந்தது; குழந்தை உள்ளேயே மலம் கழித்துவிட்டது. குழந்தையின் துடிப்பு இறங்க ஆரம்பித்தது. டாக்டரம்மா ஓடிவந்து பார்த்தார். "உடனே ஆபரேசன் பண்ணியாவணும்."

சம்பந்தி கதவை மறித்துக்கொண்டார். "காலையில கெஞ்சனேன், மாட்டேன்னீங்க. இப்ப மூலம் நடக்குது. நாளைக்கு வரைக்கும் தள்ளிப் போடுங்க."

"ஐயா, காலையில புள்ளைக்கு ஒரு கொறையும் இல்ல. இப்ப உள்ள தவிக்குது. நாளைக்கு வரைக்கும் உசுரு தாங்காது."

நர்சம்மா ஆபரேசனுக்குச் சம்மதக் கையெழுத்து கேட்டுப் பேனாவை நீட்ட, மாப்பிள்ளை தன் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். செல்விதான் வலியோடு கையை நீட்டினாள். "பேனாவ என்கிட்ட குடுங்க சிஸ்டர், நான் கையெழுத்து போடறேன். மாமா, நட்சத்திரத்துக்கு அப்பறம் பரிகாரம் பண்ணிக்கலாம். புள்ள போச்சுன்னா அதுக்கு எந்தக் கோயில்ல பரிகாரம்? யப்பா, வண்டிய தள்ளு."

எத்தனையோ பெண்களைத் தள்ளியிருக்கிறேன். அன்றைக்குத்தான் கைப்பிடி வியர்வையில் வழுக்கியது. சம்பந்தி கதவைவிட்டு நகர்ந்தார்.

பெண் குழந்தை. பிறந்தவுடன் அழவில்லையாம். கொஞ்சம் கழித்து அழுத சத்தம் எங்கள் காதில் விழுந்தது. நர்சம்மா குழந்தையை நேராகச் சம்பந்தியிடம் கொண்டுவந்தார். "தாத்தா கையிலதான் மொதல்ல குடுப்பேன்."

சம்பந்தி முதலில் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகுதான் குழந்தையைப் பார்த்தார். "மூக்கு எங்கம்மா மூக்குய்யா" என்று கையை நீட்டினார்.

காலையில் வேண்டாம் என்றவரும் மத்தியானம் வேண்டும் என்றவரும் ஒரே டாக்டரம்மாதான். இரண்டுக்கும் சேர்த்துத்தான் அவரைக் கும்பிடுகிறேன். சிசேரியனுக்கு நேரம் குறிக்க வேண்டியது வயிற்றுக்குள் இருக்கும் துடிப்புதான். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும் இப்போது, வாசலில் சம்பந்தி அந்தப் பேத்தியை ஸ்கூலுக்குக் கூட்டிப்போக வண்டியோடு நிற்கிறார். ராகுகாலம் நடக்கிறது. பெல் அடித்துவிடப்போகிறது, ஜல்தி வா என்று கத்துகிறார்.