பதினொரு வினாடி ஒப்புட்டு

என் மாமியார் வீட்டுப் புதுமனை புகுவிழா வீடியோ இரண்டு மணி நாற்பது நிமிடம் ஓடும். அதை நான் முழுதாகப் பதினாறு முறை பார்த்திருக்கிறேன். மாப்பிள்ளை என்பதால் டிவிக்கு நேர் எதிரே எனக்கு நாற்காலி போட்டுவிடுவார்கள். நடுவில் எழுந்து போவது மரியாதை இல்லை.

வீடு வெண்ணந்தூர்ப் பக்கம். மாமனார் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போனால் மழைக்காலத்தில்தான் திரும்புவார். ஒரே மகளை நான் கட்டிக்கொண்டு திருச்செங்கோட்டில் இருக்கிறேன். அங்கே ஒரு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் உதவியாளர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் நானும் மனைவியும் வண்டியை எடுத்துக்கொண்டு வெண்ணந்தூர் போவோம். நாங்கள் வருகிறோம் என்று தெரிந்து சொந்தக்காரர்கள் யாராவது வருவார்கள். காப்பி முடிந்ததும் மாமியார் முந்தானையில் முடிந்து வைத்திருக்கும் பென்டிரைவை அவிழ்த்து டிவியில் சொருகுவார்.

அவர் அதைத் திரும்பத் திரும்பப் போட்டதற்குக் காரணம் வீட்டின் அழகு இல்லை. காரணம் அவருடைய அண்ணன்.

அண்ணனுக்கு ஜேடர்பாளையத்தில் வாழைத்தோட்டம். முறைப்படி எனக்குப் பெரியப்பா ஆக வேண்டும், அப்படித்தான் கூப்பிடுவேன். என் கல்யாணத்தில் அவரை முதல் பந்தியில் உட்காரச் சொல்ல யாருக்கோ மறந்துவிட்டது. தாலி கட்டும்போது மாலை எடுத்துக் கொடுத்த கையை ரெண்டாம் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள் என்று அவர் இலையை மடக்காமலேயே எழுந்தார். “இனி உன் ஊட்டுல கை நனைக்க மாட்டேன்” என்று தங்கையிடம் சொல்லிவிட்டுப் போனார். மூன்று வருடம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அப்புறம் புது வீடு வந்தது. பிறந்த வீட்டுச் சீர் இல்லாமல் குடிபுக முடியாது. பெரியப்பா தட்டோடு வந்தார், சீரை வைத்தார், பந்தலில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த பாட்டிலில் தண்ணீர் குடித்தார். “வந்தேன், வச்சேன், போறேன்” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்.

ஆனால் வீடியோக்காரர் சமையல் பந்தலைச் சுற்றிக் காட்டிய இடத்தில், விறகு அடுக்குக்குப் பின்னால், பெரியப்பா நின்று ஒப்புட்டு தின்றுகொண்டிருந்தார். வேறு ஊர்களில் போளி என்பார்களே, அதுதான். மொத்தம் பதினொரு வினாடி.

அந்த இடம் வந்ததும் மாமியார் ரிமோட்டை அமுக்கி நிறுத்துவார். “பாத்துக்கோங்க. கை நனைக்க மாட்டேன்னவரு கையப் பாருங்க. நெய் மின்னுது பாருங்க.” வந்தவர்கள் டிவி அருகே போய்ப் பார்ப்பார்கள். விஷயம் பெரியப்பா காதுக்கும் போனது. அது ஒப்புட்டு இல்லை, வெற்றிலை என்று அவர் சொல்லியனுப்பினார். இரண்டு கையாலும் பிடித்து வெற்றிலை போடுகிறவர் யார் என்று மாமியார் பதில் சொல்லியனுப்பினார்.

இதில் எனக்கு ஒன்றும் இல்லை. என் தொல்லை வேறு. விழாவின் தொடக்கத்தில் மாட்டையும் கன்றையும் வீட்டுக்குள் ஓட்டிப் போனார்கள். கயிறு என் கையில். வாசல்படியில் மாடு நின்றது. இழுத்தேன். மாடு கொஞ்சம் யோசித்துவிட்டு என் வலது காலின்மேல் குளம்பை வைத்தது. அதன்பின் நான் போட்ட சத்தமும், ஒற்றைக்காலில் ஆடிய ஆட்டமும், பட்டு வேட்டி என்னைவிட்டு விலகத் தொடங்கியதும் நாதஸ்வரத்தோடு பதிவாகியிருக்கின்றன. வேட்டி விலகும் இடம் ஸ்லோமோஷனில் வருகிறது. வீடியோக்காரருக்குத் தொழில் தெரிந்திருந்தது.

பதினேழாவது தடவை ஆத்தூரிலிருந்து என் மனைவியின் சித்தி குடும்பம் வருவதாக இருந்தது. ஒன்பது பேர். நான் துணிந்துவிட்டேன்.

“அத்தை, பென்டிரைவைக் கொஞ்சம் குடுங்க. எதுக்கும் லேப்டாப்புல ஒரு காப்பி எடுத்து வைக்கறேன்” என்று வாங்கினேன். காப்பி எடுக்கவில்லை. ஒரு பழைய படத்தை அதில் ஏற்ற ஆரம்பித்து, பாதியில் பிடுங்கினேன். திரும்பச் சொருகினேன், திரும்பப் பிடுங்கினேன். பென்டிரைவைப் பாதுகாப்பாக நீக்குவது எப்படி என்று வருடாவருடம் முதலாண்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற ஆள் நான். மூன்றாவது பிடுங்கலில் அது செத்தது. ‘இதைப் பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மட் செய்ய வேண்டும்’ என்று லேப்டாப் சொன்னது. எனக்கு உடம்பெல்லாம் லேசானது.

சாயங்காலம் டிவியில் ஒன்றும் வரவில்லை. மாமியார் பென்டிரைவை உருவி ஊதினார், முந்தானையில் துடைத்தார், திருப்பிச் சொருகப் பார்த்தார். ஆத்தூர்ச் சித்தி, “போனாப் போவுது, விடுக்கா” என்றார். அந்தக் குரலில் இருந்த ஆறுதல் மாமியாருக்கானது இல்லை என்று எனக்குப் பட்டது.

மாமியார் விடவில்லை. நனைந்த போனுக்குச் செய்வதுபோல் பென்டிரைவை அரிசிக்குள் புதைத்து வைத்தார். மறுநாள் எடுத்துச் சொருகினார். அப்புறம் சாமி படத்துக்கு முன் வைத்தார். புதன்கிழமை போனில் மகளிடம் பேசும்போது குரலே மாறிப்போயிருந்தது. மனைவி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“நீங்கதானுங்களே.”

“நானா?”

“அம்மா அதைக் கடைல குடுக்கப் போறாங்களாம். கடைக்காரரு எப்படிக் கெட்டுச்சுன்னும் சேத்தே சொல்லிப் போடுவாரு. அதுக்கு முன்னால நீங்களே வாங்கிட்டு வந்து சரி பண்ணிக் குடுத்துருங்க.”

வியாழக்கிழமை போய் வாங்கிக்கொண்டு வந்தேன். மாமியார் அதை ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் போட்டுக் கொடுத்தார். “காலேஜுல அத்தனை கம்ப்யூட்டர் இருக்குதுங்களே மாப்ளைங்க, ஒன்னுலயாச்சும் வராதுங்களா” என்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் சிரமமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை கல்லூரி வாசலில் பெரியப்பா மொபெட்டோடு நின்றுகொண்டிருந்தார். ஆத்தூர்க்காரர்கள் மூலம் செய்தி போயிருக்கிறது.

“சாமி, மத்தியானச் சோறு ஆயிருச்சா?”

“இல்லீங்க பெரியப்பா.”

“அப்ப உக்காரு பின்னால.”

அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஏறினேன். ஜேடர்பாளையம் தடுப்பணைக்குப் பக்கத்தில், கல்சட்டியில் மீன் பொரிக்கிற கடைக்குக் கூட்டிப்போனார். இரண்டு மீன் முடியும்வரை வாழை விலை, ஆற்றில் தண்ணீர் வரத்து என்று பேசினார். மூன்றாவது மீனை என் இலைக்குத் தள்ளியபோது விஷயத்துக்கு வந்தார்.

“அது வந்துருமா?”

“முயற்சி பண்ணோணுங்க. சொல்ல முடியாது.”

“செல பண்டமெல்லாம் ஆயுசு முடிஞ்சு போறதுதான் சாமி. நாம போயி எழுப்பக் கூடாது.”

“பாக்கறேங்க பெரியப்பா” என்றேன். வாயில் மீன் இருக்கும்போது வேறென்ன சொல்ல முடியும். அவர் நான் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டு நாலாவதும் வாங்கிக் கொடுத்தார்.

சனிக்கிழமை லேபில் யாரும் இல்லை. முதலில் வேறொரு கம்ப்யூட்டரில் சொருகிப் பார்த்தேன். பென்டிரைவ் இருப்பது தெரிந்தது, உள்ளே இருப்பது தெரியவில்லை. அப்படியானால் சரக்கு சேதமில்லை, எது எங்கே இருக்கிறது என்று சொல்கிற பட்டியல்தான் குலைந்திருக்கிறது. ஃபார்மட் செய்யட்டுமா என்று அது கேட்கக் கேட்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பென்டிரைவ் முழுவதையும் உள்ளது உள்ளபடி ஹார்ட் டிஸ்கில் ஒரு நகல் எடுத்தேன். கெட்டுப்போன பென்டிரைவில் எதையும் எழுதக் கூடாது, நகலில்தான் கைவைக்க வேண்டும். இதையும் நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதுண்டு. நகலின்மேல் மீட்பு மென்பொருளை ஓட விட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தபோது கோப்புகள் வரிசையாக வந்து விழுந்திருந்தன. பெயர்கள் போய்விட்டன, வெறும் எண்கள்தான். ஒவ்வொன்றாகத் திறந்தேன். விழா வீடியோ நான்கு பாகமாக இருந்தது. முதல் பாகம் அப்பழுக்கில்லாமல் வந்திருந்தது. மாடு, குளம்பு, வேட்டி எல்லாம் சௌக்கியம். இரண்டாம் பாகமும் நன்றாக இருந்தது. மூன்றாவதில் சமையல் பந்தலுக்குள் கேமரா நுழைந்ததும் திரை பச்சையும் ஊதாவுமாகக் கட்டம் கட்டமாக உடைந்தது. திரும்பத் தெளிந்தபோது பெரியப்பா வாயைத் துடைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். அந்தப் பதினொரு வினாடி மட்டும் போயே போய்விட்டது.

கடைசியில் சின்னச் சின்னத் துண்டுகள் சில இருந்தன. அவை நான் பார்த்திராதவை. வீடியோக்காரர் முதலில் எடுத்ததை எல்லாம் இதே பென்டிரைவில் போட்டு வந்து காட்டியிருக்கிறார். மாமியார் வேண்டாம் என்று சொன்னதை அழித்திருக்கிறார். அழித்ததும் சேர்ந்து எழுந்து வந்துவிட்டது. ஒன்றில் சமையல்காரர் சண்டை போட்டார். இன்னொன்றில் அதே விறகு அடுக்கு. பெரியப்பா முறைத்துக்கொண்டு நிற்கிறார். மாமியார் முந்தானைக்கு அடியிலிருந்து வாழையிலைப் பொட்டலம் ஒன்றை எடுத்து அவர் கையில் திணிக்கிறார்.

“தின்னுங்ணா. சூடா இருக்குது. ஆரும் பாக்கல.”

“வேண்டாம்.”

“வெறும் வயித்தோட போவீங்களா? தின்னுங்ணா.”

அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கிறார். மாமியார் நகர்ந்து போகிறார். மீதி எனக்குத் தெரிந்ததுதான்.

நான் அந்தத் துண்டை நான்கு தடவை போட்டுப் பார்த்தேன். தனியாகச் சிரிப்பது ஒரு மாதிரி இருந்ததால் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மறுநாள் வெண்ணந்தூரில் மாமியார் தோசை வார்த்துக்கொண்டிருந்தார். மனைவி முன்னறையில் இருந்தாள். நான் சமையலறை வாசலில் போய் நின்றேன்.

“எல்லாம் வந்துருச்சுங்களா மாப்ளைங்க?”

“வந்துருச்சுங்க அத்தை. வேண்டாம்னு அழிச்சது கூட வந்துருச்சு.”

தோசைக் கரண்டி கல்லின்மேல் நின்றது.

“வீடியோக்காரன் அழிச்சுட்டேன்னு சொன்னானே.”

“அழிச்சா பேர் மட்டுந்தானுங்க போகும். மேல வேற எதையாச்சும் எழுதற வரைக்கும் உள்ள இருக்கறது அப்படியேதான் இருக்கும்.”

“அப்ப அழிக்கறதுங்கறது அழிக்கறதே இல்லீங்களா” என்று அவர் தோசையைத் திருப்பினார். அப்புறம் கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “பொறந்த ஊட்டுச் சீர் வச்சவரு பட்டினியாப் போனா எனக்குச் சோறு எறங்குமுங்களா? அதுக்குன்னு தின்னதைச் சொல்லாம உட்டா, அவரு ஜெயிச்சவராப் போயிருவாரு. அதுவும் எனக்கு ஆகாதுங்க.”

பதினொரு வினாடி கெட்டுப்போனதைச் சொன்னேன். இனி பெரியப்பா தின்பதைக் காட்ட வேண்டுமானால் இந்தத் துண்டைத்தான் போட வேண்டும், அதில் ஊட்டிவிடாத குறையாக நீங்களும் நிற்கிறீர்கள் என்றேன். அவர் அடுப்பைக் கொஞ்சம் தணித்தார்.

“என் தலை வராம வெட்ட முடியுமுங்களா?”

“முடியுங்க அத்தை.” தொண்டையைச் செருமினேன். “அப்படியே அந்த மாடு வர்ற எடத்தையும்…”

“அதுக்கென்னுங்க, எடுத்துருங்க” என்றார் உடனே. தட்டில் தோசையை வைத்து என் கையில் கொடுத்தார். “நீங்க மூணு வாட்டி புடுங்குனதைக் கதவோரமா நின்னு பாத்தேனுங்க, ஆருகிட்டயும் சொல்லலீங்க. இனிமேட்டும் சொல்லமாட்டேன்.”

சட்னி வாங்காமலேயே முன்னறைக்கு வந்துவிட்டேன். மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, சட்னி எடுத்துவர எழுந்து போனாள்.

அன்றைக்கே உட்கார்ந்து வெட்டினேன். என் மாட்டை எடுத்தேன். விறகு அடுக்கில் மாமியாரை எடுத்தேன். வளையல் போட்ட கை ஒன்று மட்டும் ஓரத்தில் ஒரு நொடி வந்து போனது. அதை எடுத்தால் ஒப்புட்டும் போய்விடும், அதனால் விட்டுவிட்டேன். பென்டிரைவை ஃபார்மட் செய்து எல்லாவற்றையும் திரும்ப ஏற்றிக் கொடுத்தேன். இந்தத் தடவை முறைப்படி நீக்கி.

வீடியோ திரும்ப வந்துவிட்டதைப் பெரியப்பாவிடம் நானே போனில் சொன்னேன். நாலு மீனுக்கு நான் காட்டிய விசுவாசத்தைப் பற்றி அவர் கொஞ்சம் பேசினார். அழித்தது கூட வந்துவிட்டது என்றதும் குரலைத் தாழ்த்தினார்.

“அவ குடுத்தது இருக்குதா அதுல?”

“இருந்துச்சுங்க. வெட்டிட்டேன்.”

“வெட்டுனது நல்லது. அது வெளிய வந்தா அவளுக்குத்தான் தலைக்குனிவு.”

தங்கை தந்துதான் தின்றேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் மாமியாரின் வாய் அடைத்திருக்கும். அவர் அதைச் சொன்னதே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அடுத்த ஞாயிறு கிளம்பும்போது மாமியார் ஒரு தூக்குப்போசியை வண்டியில் மாட்டினார். “காலேஜுக்கு எடுத்துட்டுப் போங்க. திங்கக்கெழமை அந்தப் பக்கம் உரம் வாங்க ஒருத்தரு வருவாரு” என்றார். யார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை பதினோரு மணிக்குப் பெரியப்பா லேப் வாசலில் செருப்பைக் கழற்றினார். சாப்பிடும் பொருள் உள்ளே கொண்டுவரக் கூடாது என்பது விதி என்பதால் பின்பக்க அறையில் ஸ்டூல் போட்டேன். போசியின் மூடியைத் திறந்தார். ஆறு ஒப்புட்டு, மேலே நெய். ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டிவிட்டு, இரண்டு கையாலும் அடுத்ததைப் பிடித்தார்.

“சாமி, இது காலேஜு. ஊடு இல்ல” என்றார். “இங்க கை நனைச்சா கணக்குல வராது.”